கிளட்ச் பிடிக்கிற இடம்

பட்டம் வாங்கிய கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த பணிமனையில் என்னை முதன்முதலில் திட்டியவர் மிதியக்காதான். வேகத்துக்கென்றே செய்யப்படும் நான்கு கதவு கார்களை, அதாவது ஸ்போர்ட்ஸ் செடான்களை மட்டும் பழுது பார்க்கும் இடம் அது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பு அன்று கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. காலோ ஊரில் டிராக்டர் ஓட்டிப் பழகிய கால். ஒரு புதுக் காரைக் கொட்டகைக்குள்ளேயே கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்து, டிராக்டரை மனதில் வைத்துக்கொண்டு, கிளட்சை ஓங்கி மிதித்தேன். எதிர்ப்பே காட்டாமல் பெடல் தரையில் போய் முட்டியது. காலை எடுத்ததும் கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"தம்பி, அது பெடல். பாம்பு இல்ல. இந்த அடி தேவையில்ல."

நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பணிமனையின் நீலச் சட்டை, இடுப்பில் துணிக் கையுறை.

"எந்த வண்டியில பழகுனீங்க?"

"டிராக்டர்லக்கா."

"அதானே பார்த்தேன். இறங்குங்க, உழுது முடிச்சாச்சு."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். மதியம் அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அதன்பின் கூடவே இருந்து கண்டதும், அவர் வாயாலேயே கேட்டதுமாக இது அவர் கதை.

மிதியக்கா என்பது அங்கே எல்லோரும் வைத்த பெயர். பழுது நீங்கிய காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. தீர்ப்பெல்லாம் காலிலிருந்தே வரும். "பிரேக் மிதி மெத்துனு போகுது, உள்ள காத்து இருக்கு." "கிளட்ச் மிதி ரொம்ப மேல வந்துதான் பிடிக்குது, பிளேட்டு தேஞ்சு போச்சு." இப்படி வாயைத் திறந்தாலே மிதி, மிதி என்றதால் வந்த பெயர்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பணிமனைக்கு உதிரிபாகப் பெட்டிகளை இறக்க வந்த ஒருநாள், வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துவிட்டு நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போய் நின்றார்.

"இதையெல்லாம் ஓட்டிப் பார்க்க ஆள் தேவைப்பட்டா சொல்லுங்கம்மா."

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

"பின்ன, இந்தப் பெட்டியெல்லாம் தானா நடந்தா வந்துது?"

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் பரீட்சை வைக்காமல் விடவில்லை.

அந்தப் பரீட்சையைச் சொல்ல வேண்டும். பணிமனை தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வெளியே போகிற எந்தக் காரும் ஒரு சரிவில் ஏறித்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். கார் போகும்போது கூடவே ஒரு பூனை போகலாம், அவ்வளவுதான் அகலம். உச்சியில் நடைபாதை. யாராவது குறுக்கே நடந்தால் சரிவின் செங்குத்தான இடத்தில் காரை நிறுத்திக் காத்திருந்து, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். சோதனை ஓட்ட வேலைக்கு வருகிறவர்களை அங்கே நிறுத்திவைத்து, ஃபோர்மேன் தன் சொந்த டிபன் பாக்ஸை, மதியச் சாப்பாடு உள்ளே இருக்க, பின்சக்கரத்தை ஒட்டி வைப்பார். கைப்பிரேக்கைத் தொடக் கூடாது. புதுக் கார்களில் மேட்டில் தானாகவே பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. அதையும் அணைத்துவிட வேண்டும். டிபன் பாக்ஸ் நசுங்கக் கூடாது, கிளட்ச் கருகும் நாற்றம் வரக் கூடாது.

"ஏன் அண்ணே, ஒரு அட்டைப் பெட்டி வச்சா ஆகாதா?" என்று யாரோ ஒருமுறை கேட்டார்களாம்.

"அட்டைப் பெட்டி நசுங்குனா யாருக்குய்யா வயிறு காயும்? பரீட்சை வைக்கிறவனுக்கும் பயம் இருக்கணும்" என்றாராம் ஃபோர்மேன்.

வேன்காரப் பெண்மணி அன்று ஏறிய ஏற்றத்தில் டிபன் பாக்ஸ் அசையக்கூட இல்லை. அன்றிலிருந்து சோதனை ஓட்டம் அவருடையது.

அங்கே வரும் கார்கள் இரண்டு ரகம். பழைய ரகத்தில் கிளட்ச் கனம். மிதிக்கத் தொடை பலம் முழுவதும் வேண்டும்; நெரிசலில் மாட்டினால் வீட்டுக்கு நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் ஒளிவுமறைவு கிடையாது. காலை மெல்ல விடும்போது, இன்ஜினும் கிளட்ச் பிளேட்டும் ஒன்றையொன்று தொட்டுப் பிடி விழும் அந்த நொடியில் ஒரு நடுக்கம் பெடல் வழியாக ஏறி உள்ளங்காலில் கூசும். புதிய ரகத்தில் பெடலுக்கு ஒத்தாசையாக ஒரு ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். பாதி தூரம் நாம் அழுத்தினால் மீதியை அதுவே இழுத்துக்கொண்டு போகும். நடுக்கம் மேலே வராமல் வழியிலேயே உறிஞ்சிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. சுகத்துக்குக் குறைவில்லை, தகவல்தான் வராது.

மிதியக்கா இதைத் தன் பாணியில் சொல்வார். "பழசு சண்டைக்காரப் புருஷன் மாதிரி. கத்துனாலும் மனசுல உள்ளதைச் சொல்லிடும். புதுசு புதுச் சம்பந்தி மாதிரி. சிரிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள என்ன ஓடுதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

இரண்டையும் கண்டுபிடிக்கிற கால் அவருக்கு இருந்தது. பிறகு முதுகெலும்பின் அடியில் ஒரு டிஸ்க் விலகி, அறுவைச் சிகிச்சை முடிந்து எழுந்தபோது, கிளட்ச் மிதிக்கும் அந்த இடக்காலின் உள்ளங்கால் மரத்துப் போயிருந்தது. பலம் திரும்பிவிடும், உணர்ச்சிக்கு உத்தரவாதம் தர முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அன்று மாலை கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். மகள் பேனா முனையை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இப்போ?"

"இப்போ என்ன? குத்தேன்."

மகள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "ஏற்கனவே குத்திட்டேம்மா" என்று அவள் சொல்லவில்லை, முகம் சொல்லிவிட்டது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளியம்மா சுற்றி வளைக்கவில்லை. "முதுகு எப்படி இருக்கு, கால் எப்படி இருக்குன்னு நான் கேக்கப் போறதில்ல. பழசுல ஒரு தடவை ஏறுங்க, புதுசுல ஒரு தடவை ஏறுங்க. ரெண்டும் சரியா வந்தா வேலை உங்களோடது. வரலைன்னா முன்மேசை. ஃபோன் பேச எனக்கு வாய் உள்ள ஆள் ஒருத்தர் வேணும்."

அது நியாயம்தான். அடுத்தவர் காரை அடுத்தவர் தெருவில் ஓட்டுகிற வேலை. மிதியக்காவுக்கும் அது தெரியும்.

முதலாளியம்மாவின் அப்பா காலத்துக் கறுப்புக் கார்தான் பழைய ரகத்துக்கு. கனமான கிளட்ச். உள்ளங்கால் ஊமையாக இருந்தாலும் கனத்தைத் தொடை தாங்கியது. பிடி விழுந்ததைத் தொடையே சொன்னது. டிபன் பாக்ஸ் தப்பியது. அடுத்தது வாடிக்கையாளருக்கு மாற்றாகக் கொடுக்கும் புதுச் சாம்பல்நிறக் கார், கறுப்புக் காரின் பேரன் முறை. மிதித்தார், பஞ்சாகப் போனது. விட்டார். பிடி எங்கே என்று உள்ளங்காலைக் கேட்டார். உள்ளங்கால் வாயே திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டு, பிடித்திருக்கும் என்று நம்பிப் பிரேக்கை எடுத்தார். கார் பின்னால் உருண்டது.

தகரம் நசுங்கும் ஓசை பெரிதொன்றுமில்லை. ஆனால் கொட்டகை முழுவதும் கேட்டது.

ஃபோர்மேன் குனிந்து அதை எடுத்து, சட்டையில் துடைத்து, தட்டையாகிப்போன மூடியைப் பிரித்துப் பார்த்தார். "பரவாயில்லம்மா. சாப்பாடு மெலிசாத்தான் ஆயிருக்கு. சீக்கிரம் செரிச்சிடும்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவருமே சிரிக்கவில்லை.

"மாசக் கடைசியில இன்னொரு தடவை. அதுவரைக்கும் முன்மேசை" என்றார் முதலாளியம்மா.

முன்மேசையில் ஒரு ஆபத்து காத்திருந்தது. மிதியக்காவுக்கு அந்த வேலை பிரமாதமாக வந்துவிட்டது. "சத்தம் மிதிக்கும்போது வருதா, விடும்போது வருதா? மேட்டுல மட்டும்தானா? கொஞ்சம் ஃபோனைப் பெடல் பக்கம் பிடிங்க சார்" என்று அவர் பேசுகிற பேச்சில் வாடிக்கையாளர்கள் மயங்கிப்போனார்கள். முதலாளியம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு புன்னகையோடு போனார். அந்தப் புன்னகையைப் பார்க்கப் பார்க்க மிதியக்காவுக்குத் தூக்கம் போனது. இங்கேயே ஆணி அடித்து உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம். வீட்டிலோ நாத்தனார் வந்துவிட்டால் அதே பாட்டுத்தான். "சுத்துற நாற்காலி, குளுகுளு ரூமு. எனக்குக் கிடைச்சா நான் எழுந்திருக்கவே மாட்டேன் அண்ணி." "அதான் உன்னை யாரும் கூப்பிடல" என்பார் மிதியக்கா.

கணவர் அதே பணிமனையின் பின்னறையில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். ஊசியில் நூல் கோக்கும்போது பேசுகிற அளவுதான் எப்போதும் பேசுவார்.

"என்னங்க, பேசாம முன்மேசையே போதும்னு சொல்லிடவா?" என்றார் மிதியக்கா, ஒரு மதியம் பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டு.

"சொல்லேன். ஒண்ணு கேக்கணும். கறுப்பு வண்டியில எப்படி ஏறுனே?"

"கனமா இருக்கு. தொடைக்குத் தெரியுது."

"சரி. புதுசுல தொடைக்கு மேல என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்."

"தொடைக்குக் கீழ?"

"சீட்டு."

"அது என் டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டு அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் உறை மாற்றுவதாகச் சொல்லிச் சாம்பல்நிறக் காரின் ஓட்டுநர் சீட்டைப் பிரித்தார். உறையை உருவினார், பஞ்சு மெத்தையை உருவினார், வெறும் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பலகையைக் கட்டினார். ஃபோர்மேன் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்தார்.

"சீட்டு எங்கய்யா?"

"துவைக்கப் போட்டிருக்கேன் அண்ணே."

ஃபோர்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவை மெல்லச் சாத்தினார். அன்றிலிருந்து மதிய இடைவேளையில் மிதியக்கா பழகும்போது சரிவுப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பலகையில் உட்கார்ந்த முதல் நாள் மிதியக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வலித்தது. இரண்டாவது நாளும் அப்படித்தான். அதன்பின் ஒரு மதியம், காலை விட்டுக்கொண்டே வந்தபோது, பலகை இடுப்பெலும்பை ஒரு நூலளவு பின்னால் தள்ளியது. இன்ஜின் சுருதி ஒரு இழை இறங்கியது. பிடி விழுந்தால் காரின் பின்பக்கம் லேசாக அமரும். அந்த அமர்வுதான் அது. அவர் இடக்காலை அங்கேயே நிறுத்தி, பிரேக்கை விட்டார். கார் சரிவில் தொங்கியபடி நின்றது. உருளவில்லை, ஏறவும் இல்லை.

"என்னங்க, கண்டுபிடிச்சிட்டேன். சம்பந்தி இடுப்புலதான் பேசுறாங்க" என்றார் சுவரோரம் நின்ற கணவரிடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண்டுபிடித்தாலும் தினமும் கைகூடவில்லை. ஒரு தடவை சரியாக வரும், மறு தடவை கார் துள்ளும். அப்போதுதான் அவர் முன்மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, படிச்ச படிப்பைக் கொஞ்சம் எடுத்து வெளிய வைங்க. நான் காலை எடுத்தப்புறம் அது தாமதமா வந்து பிடிக்குது. என் பிரமையா, நெசமா?"

நிஜம்தான். பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே ஓடும் குழாயில், எண்ணெய் திரும்பும் வேகத்தைக் குறைக்கும் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். யாராவது சட்டென்று காலை எடுத்தாலும் கார் அதிகம் துள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்சல் அட்டையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். என் பட்டம் முதன்முதலாக ஒருவருக்கு உருப்படியாகப் பயன்பட்டது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபோர்மேன் படத்தை எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானே? வால்வைக் கழட்டி எறிஞ்சிடலாம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றார் மிதியக்கா. "வர்ற வண்டியெல்லாம் வால்வோடதான் வரும். எல்லாத்தையும் கழட்டிட்டா ஓட்டிப் பார்ப்பீங்க? அது தாமதமா வந்தா நான் காத்திருந்துட்டுப் போறேன்."

காத்திருக்கப் பழகினார். அதற்காக ஒரு கொள்கையையே கைவிட வேண்டியிருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றிக் கிளட்ச் மிதிப்பவர்களை அவர் வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவர். கனமான பெடலுக்குக் காலை முழுதாகத் தூக்கித்தான் மிதிக்க முடியும். பஞ்சுப் பெடலிலும் அதே பழக்கத்தில் காலை அந்தரத்தில் வைத்திருந்தார். மரத்த பாதம் அந்தரத்தில் நின்றால் எவ்வளவு தூரம் விட்டோம் என்று எதை வைத்துத் தெரியும்? குதிகாலை ஊன்றினார். கணுக்கால் கதவுக் கீல் போலத் திரும்பியது. பாதம் சொல்லாத கணக்கைக் கணுக்கால் சொன்னது.

நாலைந்து நாளுக்கொருமுறை கணவர் பலகையின் மேல் மெத்தையை ஒரு படலம் ஏற்றினார். முதலில் ஒரு கம்பளித் துண்டு, பிறகு மெல்லிய பஞ்சு, பிறகு கனத்த பஞ்சு. ஒவ்வொன்று ஏறும்போதும் இடுப்பில் கேட்கும் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. அவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் உறையும் பூட்டியாயிற்று. அன்றும் கார் உருளவில்லை.

மாசக் கடைசி வந்தது. கொட்டகையில் ஒரு ஸ்பானர் ஓசை இல்லை. முதலாளியம்மா சரிவின் அடியில் நின்றார். கறுப்புக் கார் எந்தத் தகராறும் இல்லாமல் ஏறி இறங்கியது. சாம்பல்நிறக் காரைச் சரிவில் நிறுத்தி, மேட்டில் தானாகப் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டதை முதலாளியம்மாவுக்குக் காட்டினார் மிதியக்கா. ஃபோர்மேன் புது டிபன் பாக்ஸ் வாங்கியிருந்தார். சக்கரத்தை ஒட்டி வைத்துவிட்டு, "மூணு அடுக்கும்மா. பார்த்து" என்றார்.

குதிகால் ஊன்றியது. கணுக்கால் மெல்லத் திரும்பியது. காத்திருந்தார். இடுப்பை ஒரு நூல் தள்ளியது. சுருதி இறங்கியது. பிரேக்கிலிருந்து வலக்காலை எடுத்தார். கார் யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல ஏறியது.

பரீட்சை அதோடு முடிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் ஃபோர்மேன் டிபன் பாக்ஸைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு காருக்குப் பின்னாலேயே நடந்து ஏறினார். உச்சியில், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் சட்டென்று நடைபாதையில் வந்துவிட்டாள். மிதியக்கா பிரேக்கை அழுத்தினார். கார் சரிவின் மிகச் செங்குத்தான இடத்தில் நின்றது. குழந்தையின் செருப்பு ஒன்று கீழே விழ, அதைத் தேடி எடுத்து மாட்டி, அவள் நிதானமாகப் போனாள். கண்ணாடியில் பார்த்தால், பின் பம்பரை ஒட்டி ஃபோர்மேன். இரண்டு பக்கமும் சுவர். ஒதுங்க இடமில்லை, பின்னால் நகரவும் அவருக்குக் கால் வரவில்லை.

முதலாளியம்மா கீழேயிருந்து, "கைப்பிரேக் போட்டுக்குங்க, பரவாயில்ல" என்றார்.

மிதியக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு அந்தக் கையை உள்ளே இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். உள்ளங்காலிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பு சொன்னதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். சக்கரம் பின்னால் ஒரு மயிரிழைகூடத் திரும்பாமல் முன்னால் போனது. கருகிய நாற்றம் துளியும் இல்லை. தெருவுக்கு ஏறி, வலப்பக்கம் திரும்பி, கண்ணுக்கு மறைந்துபோனார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். நாலு தெருவைச் சுற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். யாரும் அனுமதி கேட்டாயா என்று கேட்கவில்லை. ஃபோர்மேன் இன்னும் சுவரில் சாய்ந்துதான் நின்றார்.

"என் சாப்பாட்டுக்குக் குடுத்த மரியாதையை எனக்கும் குடுத்துட்டீங்கம்மா" என்றார்.

"உங்களை நசுக்குனா யாருண்ணே பரீட்சை வைக்கிறது?"

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. முதலாளியம்மா, காரின் பின்கண்ணாடியில் மாட்டும் சோதனை ஓட்டப் பலகையைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். "ஃபோனுக்கு நல்ல ஆளைக் கெடுத்துட்டீங்க" என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். பின்னறை வாசலில் நின்ற சீட்டுக்காரரைப் பார்த்து, "இந்தப் பலகை உங்க டிபார்ட்மெண்டுக்கும் சேர்த்துத்தான்" என்றார். அவர் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார். அன்று பிற்பகல் முழுக்கத் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ பாட்டும் முணுமுணுப்பாகக் கேட்டது. அவர் பாடி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து நேராகப் பணிமனைக்கு வந்தாள். அம்மா முன்மேசையில் இல்லை என்பதைப் பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

மிதியக்கா இப்போது அந்தப் பணிமனையின் சோதனை ஓட்டப் பிரிவுக்குத் தலைவர். அவருக்குக் கீழே மூன்று பேர் ஓட்டுகிறார்கள். இடது உள்ளங்கால் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. வேலை நாட்களில் பழைய ரகமும் புதிய ரகமுமாக வந்து நிற்கிற கார்களை அவர் ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்.